கிராணி இல்லாத தோட்டம்

"அம்மா, இப்ப நானும் ஒரு பரிசுத்தவான்தான்" என்று தம்பி சொன்னபோது அம்மா குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோத்தா குவாலா மூடாவிலிருந்து மோட்டாரில் வருகிறவரிடம் வாங்கிய கெம்போங் மீன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

"நீயா? போன மாசம் வரைக்கும் சிகரெட்டுக்கு என் பையைத் தடவுனவன் பரிசுத்தவானா?"

"அதான் விட்டுட்டேன்லம்மா."

"விட்ட உடனே பட்டமா? நம்ம ஆளுங்கன்னா மொதல்ல சாகணும். அப்புறம் புதுமை நடக்கணும். அதை ரோமாபுரியில உக்காந்து விசாரிக்கணும். உங்க சபையில என்னடா, ஆஃபர் போட்டுட்டாங்களா?"

தம்பி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். உடன் வேலை செய்யும் சரவாக்காரர் ஒருவர் அவனை மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்கு அழைத்துப் போனார். பினாங்குப் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் கூடுகிறார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் எல்லோருமே பரிசுத்தவான்கள். கறிகாய் விற்பவரும் பரிசுத்தவான், லாரி ஓட்டுபவரும் பரிசுத்தவான். செத்தபிறகு கிடைக்கும் மரியாதை அல்ல அது. உயிரோடிருக்கும்போதே தோளில் ஏறும் சுமை என்று தம்பி சொன்னான். இன்னும் ஆகவில்லை, ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தமாம்.

அம்மா கத்தோலிக்கர், அவளுடைய புனிதர் வேறு மாதிரி. எங்கள் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே ஒரு பலகையில் நிற்கிறார். பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, ஒரு கையில் லீலி மலர், இன்னொரு கையில் குழந்தை. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். அம்மா அவர் பெயரைச் சொல்லவே மாட்டாள். "அவரு" என்பாள். செத்துப்போன அப்பாவையும் அதே மாதிரித்தான் சொல்வாள். சாவியைக் காணோம் என்றால் "அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்பாள். எந்த அவர் என்று கேட்க வேண்டியதில்லை; அப்பா உயிரோடிருந்தபோதும் எதையும் தேடிக் கொடுத்ததில்லை.

அம்மாவுக்குப் பரலோகம் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டம். துரை மேட்டு பங்களாவில் இருக்கிறார். நல்லவர்தான். ஆனால் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து நேராக ஏறிப்போய் அவர் வாசலில் நிற்க முடியாது. நம் பாஷை தெரிந்த ஒருவர் ஆபீசில் இருப்பார், அவரிடம் சொன்னால் அவர் துரையிடம் சொல்வார். அந்தக் கிராணிதான் புனிதர்.

"எங்க சபையில கிராணி கிடையாதும்மா" என்றான் தம்பி. "நேரா துரைகிட்டயே பேசலாம்."

"கிராணி இல்லாத தோட்டம் எங்கடா இருக்கு? பேரு யார் போடுவா? சம்பளம் யார் எழுதுவா?"

நானும் சிரித்தேன். அப்போது எனக்கு அது வெறும் வேடிக்கை. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போய்வந்து, இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு நில அளவை நிறுவனத்தில் வரைபடம் தயாரிக்கிறேன். மூன்று தலைமுறையாக எங்கள் ஆட்கள் வேலை செய்த மண் காகிதத்தில் எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன், கோடும் போடுகிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஒரு ஞாயிறு மாலை தம்பி இரண்டு பையன்களைக் கூட்டிவந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் பெயர்ப்பலகை. ஒருவன் அமெரிக்கன், இன்னொருவன் சரவாக்கின் இபான் இனத்தவன். இருவருக்கும் மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை, ஆனால் 'எல்டர்' என்றுதான் அழைக்க வேண்டுமாம். பொருளைக் கேட்டுவிட்டு அம்மா, "மூப்பரா? இதுங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தேத்தண்ணி கலந்து வைத்தாள். இருவரும் தொடவில்லை. அந்தச் சபையில் தேத்தண்ணியும் காப்பியும் கூடாது.

வீட்டுக்கு வந்தவன் தேத்தண்ணியைத் தொடாமல் போனால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே பொருள்தான். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. தம்பி பதறி, "மைலோ குடிப்பாங்கம்மா, மைலோ" என்றான். மைலோ வந்தது. அமெரிக்கப் பையன் அதைக் குடித்துவிட்டு உடைந்த மலாயில், "குடும்பத்தில் இறந்துபோனவர்கள் யாராவது உண்டா, அம்மா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில், மாதம் நிறைவதற்கு முன்பே. பிறந்ததும் அழவில்லை, மெல்ல முனகியது. அப்பா உபதேசியாரைக் கூட்டிவர மோட்டாரில் பீடோங்குக்குப் பறந்தார். தோட்டத்துக் கோயிலுக்கு மாதம் ஒருமுறைதான் சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் செபமும் அடக்கமும் உபதேசியார் பொறுப்பு. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. புனிதரின் திருவிழாவில் வாங்கி வைத்திருந்த தீர்த்தம் ஒரு சாஸ் போத்தலில் இருந்தது. அதைக் குழந்தையின் நெற்றியில் ஊற்றி, "அற்புதரே, இவனை நீ ஏத்துக்கோ" என்றாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை போய்விட்டது.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது கத்தோலிக்கச் சட்டம். ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்க வேண்டும். புனிதரின் பெயரால் கொடுத்தால் செல்லாது. உபதேசியார் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வார்த்தை சொல்லி ஊத்துனம்மா?" என்பது. பெற்று மூன்று மணி நேரம் கூட ஆகாதவள், உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

ஞானஸ்நானம் பெற்று இறக்கும் குழந்தையை எங்கள் ஆட்கள் சம்மனசு, அதாவது வானதூதர், என்பார்கள். பாவமே செய்யாததால் நேராகப் பரலோகம். யாரும் விசாரிக்க வேண்டாம், ரோமாபுரியும் வேண்டாம். புனிதராவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. அம்மாவின் பிள்ளை அதை ஒரு வார்த்தையில் தவறவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் முள்கம்பி வேலிக்கு வெளியே, பால்மரங்களின் பக்கமாக அதைப் புதைத்தார்கள். சிலுவை நடக்கூடாது என்றார் உபதேசியார். அப்பா ஒரு ஆற்றங்கல்லை உருட்டி வந்து வைத்தார்.

இதையெல்லாம் தம்பி அந்தப் பையன்களிடம் மலாயில் சொன்னான். அமெரிக்கப் பையனின் கண் கலங்கிவிட்டது. எட்டு வயதுக்குக் கீழே எந்தக் குழந்தைக்கும் ஞானஸ்நானமே தேவையில்லை, உங்கள் மகன் ஏற்கனவே கடவுளிடம் இருக்கிறான் என்றான். தம்பி ஏதோ லாட்டரி விழுந்தவன் போல அம்மா பக்கம் திரும்பினான்.

"கேட்டியாம்மா? தேவையே இல்லையாம்!"

"அப்ப நான் ஊத்துன தண்ணி?"

"அது சும்மாதான்ம்மா. ஊத்தியிருக்கவே வேணாம்."

அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் தவறான வார்த்தை சொல்லிவிட்டோம் என்று வெந்தவளிடம், வார்த்தை மட்டுமல்ல, தண்ணீரே வீண் என்று சொல்வது ஆறுதல் இல்லை. தம்பிக்கு அது புரியவில்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்கு ஏன் சோறு போடவில்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அம்மாவே கேட்டாள். "சரி, கடவுள்கிட்ட இருக்கான். நான் போனா என்கிட்ட குடுப்பாங்களா?"

தம்பி கொஞ்சம் தயங்கினான். குழந்தையைத் தாய் தகப்பனோடு என்றைக்கும் பிரியாதபடி இணைத்து வைக்க அவர்களிடம் ஒரு சடங்கு இருக்கிறதாம். அதை ஆலயத்தில்தான் செய்ய முடியும், ஆலயம் பேங்காக்கில் இருக்கிறது. செத்துப்போன அப்பாவுக்காக வேறொருவர் முழுகி எழுந்து ஞானஸ்நானம் பெறலாம். ஆனால் உயிரோடிருக்கும் அம்மா தானே சபையில் சேர வேண்டும். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தகுதி உண்டென்று தலைவர் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாதவர் ஆலயத்துக்குள் போக முடியாது. நாளைக்குத் தம்பிக்கே அங்கே கல்யாணம் நடந்தாலும் அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்ப அங்கயும் வேலி இருக்கு" என்றேன்.

"நீ பேசாத, அக்கா. நீ கோயிலுக்கே போறதில்ல."

"அவரை என்னடா பண்றது?" என்று அம்மா தொலைக்காட்சிக்கு மேலே பார்த்துக் கேட்டாள்.

"சொரூபத்தை எடுத்து எறியணும்னு யாரும் சொல்லலம்மா. ஆனா அவர்கிட்ட வேண்டக்கூடாது. அவர் நல்ல மனுசன், அவ்வளவுதான். நம்மள மாதிரி."

"நம்மள மாதிரியா?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் புள்ளைய யார் கையில குடுத்தேனோ அவரை விட்டுட்டு, புள்ளைய மட்டும் வாங்கிக்கணுமா? வேணாம்டா. தேத்தண்ணியையும் விட முடியாது, அவரையும் விட முடியாது."

அதோடு முடிந்திருக்கும். அந்த வருடம்தான் தோட்டத்தின் எஞ்சிய நிலம் வீட்டு மேம்பாட்டுக்கு விற்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுவைத்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தருவதாக மேம்பாட்டாளர் ஒப்புக்கொண்டார். சுவர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கோயில் குழு காட்ட வேண்டும். வெளியே விடப்படுவது சாலையாகவோ வடிகாலாகவோ ஆகும். குழுவுக்குத் தலைவர், வயதாகியும் பொறுப்பை விடாத அதே உபதேசியார்.

அம்மா என்னிடம் வாழ்நாளில் கேட்ட ஒரே உதவி அதுதான். "நீதான் கோடு போடறவளாச்சே. அந்தக் கல்லையும் உள்ள சேத்துப் போட்டுக் குடு."

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்கிய நிலம் பழைய முள்கம்பியோடு முடியவில்லை. அதைத் தாண்டி ஓடை வரைக்கும் போகிறது. கல் இருக்கும் இடம் அந்த நிலத்துக்குள்தான் வருகிறது. வேலி எந்தக் காலத்திலோ எவரோ வசதிக்கு அடித்த வேலி. அதை நம்பித்தான் என் அண்ணனை வெளியே புதைத்தார்கள். காகிதத்தின்படி அவன் என்றைக்குமே வெளியே இருந்ததில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் ஃபாதரிடம் போனேன். இளவயதுக்காரர், வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், அன்பாகத்தான் பேசினார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்ப நல்ல காரணம் உண்டு என்றார். பீடத்தில் ஏற்றப்பட்டவர்கள் மட்டும் புனிதர்கள் அல்ல, பரலோகத்தில் இருக்கும் எல்லோரும் புனிதர்களே, பெயர் தெரியாதவர்களும்கூட. அனைத்துப் புனிதர் திருவிழா அவர்களுக்காகத்தான் என்றார்.

"அப்ப எம் புள்ளையும் அதுல இருக்கானா ஃபாதர்?"

"நம்பலாம்மா."

"நம்பலாமா, இருக்கானா?"

"நம்பலாம்."

"இரக்கத்துல ஒப்படைச்சீங்க, சரி. ரசீது குடுக்கலையே ஃபாதர்" என்றாள் அம்மா. ஃபாதர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இந்த நம்பிக்கையாவது இருக்கிறது என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவர் லயத்துப் பக்கம் வந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். பிரசங்கத்தில் தசமபாகம் பற்றிச் சொன்னார்கள், கற்பு பற்றிச் சொன்னார்கள். இதைச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. சுவர் விஷயத்தை ஃபாதர் குழுவின் முடிவுக்கே விட்டுவிட்டார். வந்து சில மாதமே ஆனவர் உபதேசியாரோடு மோத விரும்பவில்லை.

குழுக் கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பேசினேன். நிலம் ஓடை வரைக்கும் என்று மலாயில் அச்சான வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நெலம் நம்மளுது, சரி. ஆனா வெளிய இருக்கறது உங்க வீட்டுப் புள்ள மட்டும் இல்ல, ஆயி. தூக்கு மாட்டிக்கிட்டவன் இருக்கான். சபைய விட்டுப் போனவன் இருக்கான். ஒன்ன உள்ள விட்டா எல்லாத்தையும் விடணும்."

"விடுங்களேன். எல்லாரும் செத்தவங்கதானே. யாரு எந்திரிச்சு நற்கருணை கேக்கப் போறாங்க?" என்றேன்.

இரண்டொருவர் சிரித்தார்கள். உபதேசியார் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். அவர் இரக்கத்தோடுதான் பேசினார் என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இன்னும் கசக்கிறது.

"இந்தாம்மா. அன்னிக்கு நீ பிதா, சுதன்னுதான் சொன்னே, நான்தான் சரியா காதுல வாங்கலன்னு வெச்சுக்குவோம். ஒரு வார்த்த, இங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடு. ஞானஸ்நானம் செல்லும். சுவத்த ஓடை வரைக்கும் தள்ளிப் போடச் சொல்றேன். மத்தவங்கள நான் பாத்துக்கறேன் லா."

நான் மேசைக்கு அடியில் அம்மாவின் கையை அழுத்தினேன். சொல்லிவிடு என்று அழுத்தினேன். ஒரு வார்த்தைதான்.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னிக்கு நான் அவரைத்தான் கூப்பிட்டேன், ஐயா. வேற யாரும் ஞாபகத்துக்கு வரல. உசுரு போற நேரத்துல கூப்பிட்டுட்டு, இப்ப ஒரு சுவத்துக்காக நான் கூப்பிடலன்னு சொல்லவா?"

"அவருக்கு அது கோவமா இருக்காதும்மா."

"எனக்கு இருக்குமே."

சுவர் பழைய வேலியின் வழியாகவே எழுந்தது. அந்த வேலையின் அளவைக் கற்களை நட்டது எங்கள் நிறுவனமே. அலுவலகத்தில் என் மேசைக்கு வந்த இறுதி வரைபடத்தில், சுவருக்கு வெளியே மிஞ்சிய துண்டில் 'மழைநீர் வடிகால்' என்று மலாயில் எழுதியிருந்தது. சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினேன். என் வேலை அது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். ஒரு பொய் சொன்னால் என்ன? உபதேசியாரே கற்றுக்கொடுத்த பொய். அம்மா சொரூபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். தன் சபையில் அம்மாவைப் போன்றவர்கள் சீக்கிரம் மேலே போவார்கள் என்றான். அவன் வாயை மூடச் சொன்னேன். இரண்டு சபைகளும் அவளை மெச்சிக்கொள்ளத் தயார். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. வெளியே இன்னும் வடிகால் தோண்டவில்லை. நாங்கள் மூவரும் உள்ளே அப்பாவின் கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இன்னொன்றை அங்கேயே பற்றவைத்துப் பொத்திக்கொண்டு வாசல் வழியாக வெளியேறி, சுவரைச் சுற்றிக்கொண்டு கல்லிடம் போனோம். தம்பி மண்வெட்டியால் லாலாங் புல்லைச் செதுக்கினான். அவன் சபையில் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை.

"இவனுக்கு இது தேவையில்லம்மா."

"தேவையில்லதான். நீ கொடையைப் புடி, காத்தும் சாரலுமா அடிக்குது."

பிடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அம்மா எட்டிக் கூப்பிட்டாள்: "ஃபாதர்! இந்தப் பக்கமும் கொஞ்சம்!"

பிறகு சுவருக்கு மேலாகத் தண்ணீர் வந்து விழுந்தது. தாராளமாகத்தான் வீசினார். பாதி தம்பியின் தலையில் விழுந்தது. "பாத்து ஃபாதர், இவன் ஏற்கனவே முழுசா முங்குனவன்" என்று அம்மா கத்தினாள். மிச்சம் மெழுகுவர்த்திமேல் விழுந்து அதை அணைத்துவிட்டது.

தீப்பெட்டியை அப்பாவின் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். முன்பெல்லாம் தம்பியின் சட்டைப்பையில் லைட்டர் இருக்கும். அவன் வெறும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி உள்ளே போனேன். அப்பாவின் கல்லறையில் தீப்பெட்டி மழைச்சாரலில் ஊறிக் கிடந்தது, அங்கே ஏற்றியதும் அணைந்திருந்தது. பக்கத்து வரிசையில் பளிங்குக் கல்லறை ஒன்று, உபதேசியாரின் மனைவியுடையது. அதன் தலைமாட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் பெரிய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. உபதேசியார் செபமாலையோடு அருகில் நின்றார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். எங்கே கொண்டுபோகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

கூண்டைத் திறந்து அதிலிருந்து பற்றவைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.